வண்டி நிற்கும் மூன்று மணி நேரம்

மார்ச் 2, ஞாயிறு

அன்புள்ள தம்பிக்கு,

வீட்டுக்காரர் இந்த மாடி வீட்டை விற்கப் போகிறார். சொன்னது அவரே, இன்று காலை ஏழே முக்காலுக்கு, கீழ்ப்படியில் நின்று, செருப்பைக் கழற்றாமல். ஆகவே இது யாரோ சொன்ன பேச்சு இல்லை.

செய்தி முந்திக்கொண்டது, நலம் விசாரிப்பது பின்னால் வருகிறது. நானும் உன் அத்தானும் சுகமாக இருக்கிறோம். கண்டக்டர் வேலை முடிந்து ஒரு வருடமாகியும் நாற்காலியில் உட்கார்ந்தால் அவர் கால் தரையைத் தேடுகிறது, பஸ் ஓடுகிற மாதிரி. கல் தூசியில் உன் இருமல் எப்படி இருக்கிறது என்று எழுது.

வீட்டுக்காரர் சொன்னதை அப்படியே தருகிறேன். "மகன் கூப்பிடறான், போயிடலாம்னு இருக்கேன். கீழ டயர்கடைக்காரர் மாடியைக் குடோன் ஆக்கிக்கறேன்னு கேக்கறார். ஆனா பதினாறு வருஷத்துல வாடகைக்காக ஒரு மாசம்கூட நீங்க என்னைப் படியேற வெச்சதில்ல. ஜூன் முப்பது வரைக்கும் உங்களுக்குத்தான். பத்தொம்பது லட்சம். முதல்ல நாலு குடுத்து ஒப்பந்த எழுத்து பண்ணிக்கணும், மீதி பத்திரம் பதியறப்போ."

நம் இருவர் கணக்கில் பதிமூன்று இருக்கிறது. மீதி ஆறுக்கு வங்கியில் விசாரித்தேன். கடன் தருவார்கள், ஆனால் நவம்பரில் எனக்கு ஐம்பத்திரண்டு முடிகிறது, அதற்குப் பிறகு என் வயதுக்கு இந்தக் கடன் கிடையாது. கடன் பிரிவு எழுத்தர் வாயாலேயே கேட்டேன்.

போனில் இரண்டு நிமிடத்தில் முடிகிற பேச்சு இது. உங்கள் குவாரியில் வெடிமருந்துக் கிடங்குக்குப் பயந்து போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், என்ன செய்வது. இத்துடன் நான்கு லட்சத்துக்குப் பணம் எடுக்கும் படிவம் இருக்கிறது. என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். பக்கத்தில் உன் கையெழுத்துக்கு இடம் காலியாக இருக்கிறது. ஒன்று மட்டும் இருந்தால் வங்கி தொடாது.

உன் தகரப் பெட்டி ஜன்னல் அறையில் அப்படியே இருக்கிறது. அந்த அறை உனக்குத்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்,
அக்கா


மார்ச் 22, சனி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் 9ஆம் தேதி வண்டியில் வந்தது. எனக்கு இருமல் குறைந்திருக்கிறது. அத்தான் காலை ஆட்டட்டும், விசில் அடிக்காதவரை நல்லது.

சாமான் வண்டி இரண்டு ஞாயிறுக்கு ஒருமுறை வருகிறது. இறக்கி ஏற்ற மூன்று மணி நேரம் நிற்கிறது. அன்றே பதில் எழுதிப் போட்டுவிடலாம்தான். இங்கே பலரும் வண்டிச் சக்கரத்தின் நிழலில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். மூன்று மணி நேரத்தில் முடிவெடுக்கிற ஆள் நான் இல்லை என்பது உனக்குத் தெரியும். இரண்டு வாரம் யோசித்துவிட்டே எழுதுகிறேன்.

இப்போது வாங்க வேண்டாம். புதுப் பாலம் ஜூன் மாதம் திறக்கிறது. திறந்தால் ஜனங்கள் அக்கரைக்குக் குடிபோவார்கள், நம் தெருவில் விலை இறங்கும். நம் பக்கத்துச் செய்தித்தாள் இங்கே ஒரு வாரம் பழையதாக வருகிறது. அதில் வீட்டு விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டே வருகிறேன். அவரிடம் பதினாறு என்று சொல்லிப் பார்.

படிவம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. கையெழுத்துப் போடவில்லை. போட்டுவிட்டால் உன் கை சும்மா இராது.

என் அறையில் கூட இருப்பவர் முகாம் சமையல்காரர். ஐம்பத்தெட்டு வயது, எதிலும் மூக்கை நுழைப்பார். உன் கடிதத்தைக் கேட்டுவிட்டு, "உங்க அக்கா கேக்கறது ஒரு கையெழுத்து. நீ மூணு பக்கத்துக்குப் பேச்சு குடுக்கறே" என்றார். அவருக்கு வீடும் இல்லை, கணக்கும் இல்லை. பேசுவது சுலபம்.

அத்தானையும் உன்னையும் நினைத்தபடி,
தம்பி


மார்ச் 30, ஞாயிறு

அன்புள்ள தம்பிக்கு,

பதினாறு என்று சொன்னேன். வீட்டுக்காரர் கோபப்படவில்லை. "பத்தொம்பதுக்குக் கீழ நான் இறங்கினா என் மகன் என்னை வீட்டுக்குள்ள ஏத்த மாட்டான்" என்று சொல்லிவிட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

இங்கே காய்ச்சல் தலைவலி எதுவும் இல்லை. தூக்கம் மட்டும் சரியில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

வியாழக்கிழமை வேலை முடிந்து வந்தபோது டயர்கடைக்காரர் நம் படியில் குனிந்து அளவு நாடா பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன அளக்கறீங்க?"

"சும்மாதான். லாரி டயர் திரும்புமான்னு பாக்கறேன்."

"நாங்க இன்னும் உள்ளதான் இருக்கோம்."

"இருங்க, இருங்க. நான் படியைத்தான் அளக்கறேன், உங்களை இல்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நல்ல மனிதர், போன வருடம் நம் குழாய் வெடித்தபோது முதலில் ஓடி வந்தவர் அவர்தான். அதனால்தான் பயமாக இருக்கிறது. கெட்ட எண்ணத்தோடு வருகிறவரிடம் சண்டையாவது போடலாம். இவர் ஜூலை ஒன்றாம் தேதி நாம் இங்கே இருக்கமாட்டோம் என்று சாதாரணமாக நம்புகிறார்.

நான் தினமும் அறுபது வீட்டுத் தண்ணீர் மீட்டர் பார்க்கிறேன். சில வீட்டில் மீட்டர் நின்றுபோயிருக்கும். மாதாமாதம் அதே எண், வீட்டுக்காரர்களுக்குச் சந்தோஷம். தண்ணீர் என்னவோ ஓடிக்கொண்டுதான் இருக்கும். நம் பதிமூன்று லட்சத்தைப் பார்க்கும்போது எனக்கு அந்த மீட்டர் நினைவுக்கு வருகிறது. நீ பொறுக்கச் சொல்லி ரயிலடி வீட்டை வாங்காமல் விட்டபோது அந்தப் பணத்துக்கு மூன்று அறை கிடைத்திருக்கும். இப்போது இரண்டு அறைக்கே ஆறு குறைகிறது.

உன் அத்தான் சொன்னதையும் எழுதச் சொன்னார்: "விலை இறங்கட்டும்னு அவன் காத்திருக்கான். நாம படி இறங்கப் போறோம்."

கையெழுத்தை மட்டும் போட்டு அனுப்பு. நீ சரி என்று எழுதும்வரை படிவத்தை வங்கியில் கொடுக்கமாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு,
அக்கா


ஏப்ரல் 19, சனி

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று பேனாவை எடுத்தேன். மூடியைக் கழற்றினேன். திரும்ப மூடிவிட்டேன். இதை யாரிடமும் சொல்லமாட்டேன், உன்னிடம் சொல்கிறேன்.

ஏழு வருடத்துக்கு முன்னால் அந்த மனை உனக்கு நினைவிருக்கும். நீ பேனாவோடு உட்கார்ந்திருந்தாய். நான் பதிவு அலுவலகத்தில் போய்ப் பார்த்தபோது அதே மனை ஏற்கெனவே மூன்று பேருக்கு விற்றிருந்தது. ஒரு மணி நேரம் தாமதமாக வந்திருந்தால் நம் ஒன்பது லட்சம் போயிருக்கும். அன்றைக்குத்தான் இரண்டு கையெழுத்து இல்லாமல் பணம் வெளியே போகக்கூடாது என்று கணக்கை மாற்றச் சொன்னேன். அவசரத்துக்குப் பூட்டுப் போட்டேன். அதிலிருந்து பேனா பிடித்தாலே அந்த அலுவலக மேசை கண்ணுக்கு வருகிறது. பாலம், விளம்பரம் எல்லாம் நான் எனக்குச் சொல்லிக்கொள்கிற சமாதானம் என்று சமையல்காரர் சொல்கிறார். இருக்கலாம்.

வீட்டுப் பத்திரத்தைச் சரிபார்த்துவிட்டாயா? பார்த்திருப்பாய். இருந்தாலும் கேட்கிறேன்.

மே 4 வண்டியில் கையெழுத்தோடு படிவம் வரும். 9ஆம் தேதி வெள்ளிக்கிழமை உன் கையில் இருக்கும். இது வாக்கு. படிவத்தை இனிமேல் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்கிறேன், கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கட்டும்.

எனக்குச் சுகக்குறைவு ஒன்றுமில்லை. நீ தூங்கு.

தம்பி


ஏப்ரல் 27, ஞாயிறு

அன்புள்ள தம்பிக்கு,

பத்திரம் சரியாக இருக்கிறது. முப்பது வருடத்துக்குப் பின்னோக்கிப் பார்த்தாயிற்று. அலுவலக முத்திரையோடு நகல் என்னிடம் இருக்கிறது. ஒரே சொந்தக்காரர், அவர்தான்.

வாக்கு கொடுத்தாய், போதும். இரண்டு நாளாகத் தூங்குகிறேன். அத்தான் ஜன்னல் அறைக்குச் சுண்ணாம்பு அடிக்கலாமா என்று கேட்கிறார். 9ஆம் தேதி வரை பொறுங்கள் என்றேன்.

உன் கடிதத்தை எதிர்பார்த்து,
அக்கா


மே 11, ஞாயிறு

தம்பி,

9ஆம் தேதி கடிதம் வரவில்லை. தபால்காரம்மாவிடம் வெள்ளியும் சனியும் கேட்டேன். உங்கள் குவாரிப் பை வந்ததாம், அதிலிருந்து நம் தெருவுக்கு இரண்டு கவர் இருந்ததாம், நமக்கு இல்லையாம். ஆகவே வண்டி ஓடியிருக்கிறது. நீ எழுதவில்லை.

நீ தாமதம் செய்வாய். வாக்கு தவறியதில்லை.

சனிக்கிழமை உங்கள் கம்பெனியின் நகர அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். உன் பணியாள் எண்ணைச் சொன்னேன். கொஞ்ச நேரம் தாள் புரட்டும் சத்தம். "பட்டியல்ல இருக்கார்" என்றாள்.

"நல்லா இருக்காரா?"

"பட்டியல்ல இருக்கார். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும், மேடம்."

வைத்துவிட்டாள். மூன்று முறை திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை. அத்தானிடம் "பட்டியலில் இருக்கிறானாம்" என்று சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கால் ஆடவில்லை.

வீட்டை விடு. வாங்கலாம், வாங்காமல் போகலாம். நீ உன் கையால் ஒரு வரி எழுதிப் போடு.

அக்கா


மே 18, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். கண்ணில் கல்தூசி விழுந்து எரிச்சல். மருத்துவர் எழுதக்கூடாது, படிக்கக்கூடாது என்றிருக்கிறார். அதனால் நான் சொல்லச் சொல்ல சமையல்காரர் எழுதுகிறார். போன வண்டிக்குக் கடிதம் போடாததற்கும் கண்தான் காரணம். பயப்படாதே.

படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இத்துடன் இருக்கிறது. பணத்தை எடு, எழுத்து பண்ணிக்கொள். பாலத்தைப் பற்றி இனி நான் பேசமாட்டேன். இதில் நாள் கடத்தாதே.

அத்தானிடம் சுண்ணாம்பு அடிக்கச் சொல்.

தம்பி

பி.கு.: சகோதரிக்கு, எழுதுகிற நான் சமையல்காரன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும், நான் சாமான் பட்டியல் மட்டுமே எழுதிப் பழகியவன். தம்பி சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். மூன்று வேளையும் பிசைந்து நானே ஊட்டிவிடுகிறேன். ஆள் அடம்பிடிக்கிறான், விடுவதில்லை.


மே 26, திங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

வங்கி படிவத்தை ஏற்கவில்லை. சொன்னவர் கவுன்ட்டர் அதிகாரி. இன்று காலை பதினொன்றே காலுக்கு.

அவர் உன் பழைய கையெழுத்து அட்டையையும் படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தார். "அம்மா, இது வேற கை" என்றார்.

"என் தம்பி போட்டதுதான் சார்."

"நீங்க பக்கத்துல இருந்து பாத்தீங்களா?"

"இல்ல. தபால்ல வந்தது."

குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. இதை நான் மேல அனுப்பினா, தம்பி கையெழுத்தை அக்காவே போட்டுட்டாங்கன்னு விசாரணை வரும். எடுத்துட்டுப் போயிடுங்க. நான் பாக்கலைன்னு வெச்சுக்கறேன். அதோட, வங்கித் தாள்ல இப்படி டீயைக் கொட்டிக் கொண்டுவராதீங்க."

வரிசையில் எனக்குப் பின்னால் ஏழு பேர். அதில் இரண்டு பேர் வீட்டு மீட்டர் நான் பார்ப்பது. தலை நிமிராமல் வெளியே வந்தேன்.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து படிவத்தை விரித்துப் பார்த்தேன். கண் எரிகிறவன் கையெழுத்து கோணும், உண்மைதான். ஆனால் கோடு வலது பக்கமிருந்து இழுத்த மாதிரி இருக்கிறது. பிறகு உன் கடிதத்தின் பின்குறிப்பைத் திரும்பப் படித்தேன். கண்ணில் தூசி விழுந்தவனுக்கு எதற்கு ஊட்ட வேண்டும்?

நீங்கள் இதைத் தம்பிக்கு வாசித்துக் காட்டும் முன் ஒருமுறை தனியாக வாசித்துவிடுங்கள் சமையல்காரரே. என் தம்பி கைக்கு என்ன ஆயிற்று? அவன் சொன்னதை எழுதாதீர்கள். நீங்கள் பார்த்ததை எழுதுங்கள்.

உங்கள் இருவர் நலத்துக்கும் வேண்டியபடி,
அக்கா


ஜூன் 1, ஞாயிறு

சகோதரிக்கு, சமையல்காரன் எழுதுவது.

உங்கள் கடிதம் இன்று ஒன்பது மணிக்கு வண்டியோடு வந்தது. பன்னிரண்டுக்கு வண்டி கிளம்பும். தம்பி எடைமேடையில் இருக்கிறான். அவனுக்குத் தெரியாமல் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வலது கையில் மூன்று விரல் இல்லை. ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள். கல் உடைக்கிற இயந்திரத்தின் பெல்ட் இழுத்துவிட்டது. ஏப்ரல் 29, செவ்வாய், பதினொரு மணி இருக்கும். இங்கே ஆறு கட்டில் ஆஸ்பத்திரி உண்டு, பன்னிரண்டு நாள் காய்ச்சலோடு கிடந்தான். உயிருக்குப் பயமில்லை என்று மருத்துவர் என்னிடம் நேரில் சொன்னார், நீங்களும் அதை நம்பலாம். மீதி விரலில் பிடிமானம் வர நகரத்தில் ஒரு ஆபரேஷன் செய்யணுமாம். செலவு கம்பெனி தருமா என்று இன்னும் சொல்லவில்லை. ஜூலையோடு இவன் ஒப்பந்தமும் முடிகிறது.

அன்று காலை நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சாப்பாட்டு வரிசையில் நான் பேனாவை நீட்டினேன். "போட்டுடுறா, வண்டிக்கு அஞ்சு நாள்தான் இருக்கு" என்றேன். "மத்தியானம் போடறேன்"னான். படிவம் சட்டையின் இடது பையில் இருந்தது. அதனால் அது தப்பித்தது.

அந்த அதிகாரி டீ என்று சொன்னாரே. அது டீ இல்லை சகோதரி.

பிறகு பழைய சிமெண்ட் பைத் தாளில் இடது கையால் எட்டு நாள் கையெழுத்து எழுதிப் பழகினான். எழுபது எண்பது தடவை இருக்கும். ஏண்டா மறைக்கிறே என்று கேட்டேன். "தெரிஞ்சா அக்கா வீட்டை விட்டுடுவா. காசை என் கைக்கு வெச்சுக்கோன்னு சொல்லுவா"ன்னான்.

ஊட்டுவதை எழுதி மாட்டிக்கொண்டது என் தப்பு. பொய் எழுதத் தெரியாத ஆளிடம் பொய் எழுதச் சொன்னது அவன் தப்பு.

வண்டிக்காரன் கூப்பிடுகிறான்.


ஜூன் 8, ஞாயிறு

அன்புள்ள தம்பிக்கு,

எனக்குத் தெரிந்துவிட்டது. யாரைக் கோபிக்கவும் வேண்டாம், நான்தான் கேட்டு வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை அந்தக் கடிதம் வந்தது. அத்தான் வாசித்துவிட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் நிலையம் போய் உங்கள் ஊருக்கு வழி கேட்டு வந்தார். இரண்டு நாள் பயணம்; முகாமுக்குள் வெளியாரை விடமாட்டார்கள். வந்து உட்கார்ந்து, "வலது கையாலதான் டிக்கெட் கிழிப்பேன் நான்" என்றார். நான் உன் தகரப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பள்ளிக்கூட நோட்டு ஒன்று இருந்தது. உன் எழுத்து எவ்வளவு அழகு என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. மூடிவிட்டேன்.

நேற்றுக் காலை வங்கிக்குப் போனேன். அந்த அதிகாரி முழுதும் கேட்டார். எழுந்து வந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தார். ஒரு புதுப் படிவம் தந்தார். கையெழுத்து முடியாதவர்கள் இடது பெருவிரல் ரேகை வைக்கலாம். வேலை செய்யும் இடத்து மருத்துவரும் மேலாளரும் முத்திரையோடு சான்று போடவேண்டும். அதை இத்துடன் வைத்திருக்கிறேன். தொகையை எழுதவில்லை.

எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் பணம் உன் கைக்கு. ஆபரேஷன் எவ்வளவு ஆகுமோ தெரியாது. கம்பெனி தருமா தெரியாது. உனக்கு வேலை இருக்குமா தெரியாது. இவ்வளவு தெரியாமல் வைத்துக்கொண்டு நான்கு லட்சத்தை எப்படித் தூக்கிக் கொடுப்பேன்? நேற்றிரவு முழுக்க இதே கேள்விதான். வீடு கையில் இருந்து உனக்குச் செலவுக்கு இல்லாவிட்டால் அந்தச் சுவரை நான் எப்படிப் பார்ப்பேன்? கொஞ்சம் பொறுப்போம். நீ முதலில் வந்து சேர். எல்லாம் ஒரு நிலைக்கு வரட்டும், பிறகு நல்ல நேரமாகப் பார்த்து வாங்கலாம்.

வீட்டுக்காரரிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

வலிக்கிறதா என்று மட்டும் உண்மையாக எழுது.

அக்கா


ஜூன் 15, ஞாயிறு, காலை 9.40

அக்கா,

வலிக்கிறது. ராத்திரியில் இல்லாத விரல் வலிக்கிறது. மற்றபடி சாப்பிடுகிறேன், நடக்கிறேன், எடைமேடையில் லாரி எண்ணுகிறேன். இது என் இடது கை எழுத்து. ஒரு வரிக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது, அதனால் வேண்டியதை மட்டும் எழுதுகிறேன்.

"எல்லாம் ஒரு நிலைக்கு வரட்டும்." அது என் வாக்கியம் அக்கா. பதினான்கு வருடமாக நான் சொன்னது. நீ அதை எழுதாதே. உன் கையெழுத்தில் அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது.

மார்ச் மாதம் உன் படிவம் வந்தபோது எனக்குப் பத்து விரலும் இருந்தன. வேலை இருந்தது. விலை சொல்லியாயிற்று. அதைவிட நல்ல நேரம் எது? அது வந்து ஏழு வாரம் என் சட்டைப் பையிலும் பெட்டியிலும் கிடந்தது. எனக்கு அடையாளம் தெரியவில்லை.

கைக்கு எவ்வளவு ஆகும் என்று தெரியாது. மேலாளர் "பார்ப்போம்" என்கிறார். அதை நான் செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை. நாலு போனாலும் ஒன்பது இருக்கிறது. அது போதாமலும் போகலாம். பயம் எனக்கும் இருக்கிறது. ஆனால் ஜூலையில் நான் எங்கே வந்து இறங்குவது? அதற்கு ஒரு ஜன்னல் அறை வேண்டும்.

காலை 10.25. தொகையை எழுதினேன்: நான்கு லட்சம். சவரம் செய்துகொண்டிருந்த மருத்துவரைப் பாதியில் இழுத்து வந்தார் சமையல்காரர். மேலாளர் முத்திரைப் பெட்டியின் சாவி காணவில்லை என்றார். "சாவி கிடைக்கிற வரைக்கும் மத்தியானச் சாப்பாடு கிடையாது" என்று சமையல்காரர் வாசலில் நின்றுவிட்டார். பத்து நிமிடத்தில் சாவி கிடைத்தது.

காலை 11.10. வண்டியின் முன் மூடிமேல் வைத்து ரேகை பதித்தேன். மூடி சுட்டது. மை கொஞ்சம் பரவிவிட்டது. ஏற்பார்களா தெரியவில்லை.

காலை 11.50. ஒட்டிவிட்டேன். அதே வண்டியில் பதில் போடுவது இதுதான் முதல் தடவை.

தம்பி


ஜூன் 23, திங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

படிவம் இன்று காலை பத்து இருபதுக்கு வங்கியில் சேர்ந்தது. கவுன்ட்டர் அதிகாரி கையெழுத்திட்ட ரசீது என்னிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமையே கடிதம் வந்துவிட்டது, சனிக்கிழமை அந்த அதிகாரி விடுப்பு. தபால்காரம்மா கீழே இருந்தே கூவினாள்.

நானும் அத்தானும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். உன் இடது கை எழுத்து தன் வலது கை எழுத்தைவிடப் பரவாயில்லை என்று அத்தான் சொல்கிறார். சமையல்காரருக்கு எங்கள் வணக்கம். அவர் இங்கே வந்தால் ஒரு வேளையாவது நான் சமைக்க, அவர் உட்கார்ந்து சாப்பிடவேண்டும்.

நீ சொன்னது சரி. ஆனாலும் என் பயம் போகவில்லை, அதை மறைக்காமல் எழுதுகிறேன். அதிகாரி ரேகையை விளக்கின் அடியில் வைத்துப் பார்த்தார். "நடுவுல கோடு தெரியுது. ஓரத்துல மை பரவியிருக்கு. நான் சரின்னுதான் எழுதறேன். ஆனா முடிவு வட்டார அலுவலகத்துல" என்றார். அங்கிருந்து பதில் வருவது 30ஆம் தேதி திங்கள், காலை பதினொரு மணிக்கு. அதற்கு முன்னால் வர வழியில்லை, கேட்டுப் பார்த்தேன்.

அங்கிருந்தே வீட்டுக்காரரிடம் போனேன். மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். உன் கையைப் பற்றிச் சொன்னேன். கட்டிக்கொண்டிருந்த கயிற்றைக் கீழே வைத்தார். இரண்டு நாள் கூடுதலாகத் தரமுடியுமா என்று கேட்டேன்.

"முடிஞ்சா தரமாட்டேனாம்மா? முப்பதாம் தேதி ராத்திரி எட்டு மணிக்கு ரயில். மகன் டிக்கெட் எடுத்துட்டான். போறதுக்குள்ள யார்கிட்டயாவது எழுத்து முடிக்கணும். ஆறு மணி வரைக்கும் உக்காந்திருப்பேன். அதுக்கு மேல டயர்கடைக்காரர்கிட்டத்தான்."

டயர்கடைக்காரர் பணத்தைத் தயாராக வைத்திருக்கிறார். அவரே சொன்னார். நம் படியின் முதல் திருப்பத்தில் ஆறு டயர் அடுக்கியிருக்கிறார். மழைக்கு நனையாமல் இருக்க என்றார். இரவு ரப்பர் வாசனை அறைக்குள் வருகிறது. காலையில் அதைச் சுற்றிக்கொண்டுதான் இறங்குகிறேன். நான் போகும்போது அவர் டயரைக் கொஞ்சம் நகர்த்தி வழிவிடுகிறார்.

ஜன்னல் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. முடிவு வரட்டும் என்றேன். அத்தான் கேட்கவில்லை. "குடோனானாலும் வெள்ளையா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடித்தார். ஈரம் இன்னும் காயவில்லை.

30ஆம் தேதிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். பதினெட்டு வருடத்தில் மாதக் கடைசி நாளில் நான் எடுக்கும் முதல் விடுப்பு.

இந்தக் கடிதம் உனக்கு 29ஆம் தேதி வண்டியில் கிடைக்கும். நீ வாசிக்கும்போது எனக்கே ஒன்றும் தெரிந்திருக்காது. அதனால் அன்று பதில் எழுத அவசரப்படாதே, கையை ஓய்வாக வை. வட்டார அலுவலகம் என்ன சொன்னது என்று நான் எழுதுவது உனக்கு ஜூலை 13 வண்டியில்தான் வரும். உன் ஆபரேஷன் செலவைப் பற்றிக் கம்பெனி ஜூலை 10க்குள் பதில் சொல்லவேண்டும் என்று நகர அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டிருக்கிறேன். அதே பெண்தான் வாங்கி முத்திரை போட்டாள். இந்த முறை நலமா என்று அவள் கேட்டாள்.

திங்கள் காலை பதினொன்றுக்கு வங்கி. மாலை ஆறுக்கு வீட்டுக்காரர். நடுவில் ஏழு மணி நேரம் இருக்கிறது. உனக்குக் கிடைத்ததைவிட நான்கு அதிகம்.

எல்லாத் தாள்களோடும் ஒன்பது மணிக்கே போய் வங்கி வாசலில் நின்றுவிடுவேன்.

அக்கா